இது தேனீயா, ஈயா?

சித்திரை பிறந்ததிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஈக்களைப் பற்றித்தான். பஞ்சாங்கப்படி இது இளவேனில். நம் தீவில் வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஆனால் பிப்ரவரியில் கொஞ்சம் காய்ந்து, மார்ச், ஏப்ரலில் காலை வெயிலும் பிற்பகல் இடிமழையுமாக மாறும்போது சாலையோர ட்ரம்பெட் மரங்கள் பூத்து, "சிங்கப்பூர் சக்குரா" என்று எல்லாரும் நின்று படம் எடுக்கிறார்களே, அந்த நாட்களில் நம் சமூகத் தோட்டங்களிலும் காரிடார் தொட்டிகளிலும் பூவுக்குக் குறைவில்லை. பூ இருந்தால் ஈயும் வரும். கடிதங்களில் பலவும் "எந்த மருந்து அடிக்கலாம் அக்கா?" என்றுதான் முடிகின்றன. மருந்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் வந்திருப்பது யார் என்று பார்த்துவிடுவோம். இந்த மாதப் பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: எங்கள் புளோக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் பயற்றங்காய்ப் பந்தலைச் சுற்றி மஞ்சளும் கறுப்பும் கோடு போட்ட குட்டித் தேனீக்கள் அந்தரத்தில் அப்படியே நிற்கின்றன. பாலர் பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கும் இடம் இது. கொட்டுமா? கூட்டை எங்கே தேடுவது? படம் இணைத்துள்ளேன்.
(தெம்பனிஸ் வாசகி)

பதில்: கொட்டாது அம்மா. கொட்டுவதற்கு அதனிடம் கொடுக்கே இல்லை, கூடும் கட்டாது, ஏனென்றால் அது தேனீயே இல்லை, ஈ. தமிழில் நாம் தேனீயையும் பெயரளவில் ஈ ஆக்கிவிட்டோம், வெண்டைச் செடியை உதறினால் மாவு போலப் பறக்கிறதே, அதையும் வெள்ளை ஈ என்கிறோம். பூச்சிகளைப் படித்தவர்கள் முதலில் எண்ணுவது இறக்கையை. தேனீக்கும் குளவிக்கும் வெள்ளை ஈக்கும் நான்கு இறக்கை. ஈக்கு இரண்டுதான். பின் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை மாதிரி இரண்டு சின்னக் குமிழ்கள் இருக்கும். பறக்கும்போது உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, எப்படித் திரும்புகிறது என்று ஈக்கு உணர்த்துவது அவைதான், அதனால்தான் நாம் கையை ஓங்குவதற்குள் அது அப்படித் திரும்பிப் போய்விடுகிறது. இந்த வரிசைக்கு டிப்டெரா என்று பெயர், கிரேக்க மொழியில் இரண்டு இறக்கை என்று பொருள். இதுவரை பெயர் வைத்திருக்கும் இனங்கள் மட்டும் உலகத்தில் 150,000க்கு மேல். கொசுவும் அதில் அடக்கம்.

பறந்துகொண்டிருக்கும்போது இறக்கையை எப்படி எண்ணுவது என்று கேட்பீர்கள். எண்ண வேண்டாம், முகத்தைப் பாருங்கள். ஈயின் தலையில் பெரும்பகுதி கண்தான், உணர்கொம்பு இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்குக் குட்டையாக இருக்கும். தேனீயின் கண் பக்கவாட்டில் நீளவாக்கில் இருக்கும், உணர்கொம்பு நன்றாக நீண்டு முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். பின்காலில் மகரந்த உருண்டை ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம், தேனீ. அப்புறம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், "அந்தரத்தில் அப்படியே நிற்கிறது" என்று. ஒரே இடத்தில் ஆணி அடித்தது போல நின்று, சட்டென்று ஓர் அடி தள்ளிப் போய் மறுபடி நிற்பது இந்தக் குடும்பத்தின் பழக்கம். சிர்ஃபிட் ஈ என்று நம் வேளாண் புத்தகங்களில் போட்டிருப்பார்கள், ஆங்கிலத்தில் ஹோவர்ஃப்ளை. குளவியின் சட்டையைப் போட்டுக்கொண்டால் பறவை கிட்டே வராது என்பதற்காக வந்த நிறம் அது.

இதில் உங்கள் பந்தலுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பயற்றங்காய்க் கொடியின் நுனியில் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சியான கறுப்பு அசுவினி அப்பியிருக்கும், இல்லையா? அதன் நடுவில் கால் இல்லாத, அட்டை மாதிரி நெளிகிற, பச்சையோ பழுப்போ கலந்த சிறு புழு ஒன்று இருக்கிறதா என்று காலையில் பாருங்கள். அதுதான் இந்த ஈயின் பிள்ளை. அசுவினியை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து உறிஞ்சிவிட்டு வெறும் தோலைக் கீழே போடும், பெரிதாவதற்குள் நூற்றுக்கணக்கில் தின்றுவிடும். தாய் ஈ அசுவினி இருக்கும் இடம் தேடித்தான் முட்டையே வைக்கும். நான் தோட்டம் போட ஆரம்பித்த காலத்தில் இந்தப் புழுக்களை இலை தின்னும் புழு என்று நினைத்து நசுக்கியிருக்கிறேன், தெரிந்த பிறகு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நீங்கள் அசுவினிக்கு மருந்து அடித்தால் இவையும் சேர்ந்து போகும், அதன்பிறகு அசுவினிதான் முதலில் திரும்பி வரும்.

எந்த இனம் என்று கேட்டால், இஸ்கியோடான் ஸ்குட்டெல்லாரிஸ் என்ற வகை நம் பக்கம் சாதாரணம், உங்கள் படத்தில் இருப்பதும் அதுவாக இருக்கலாம். ஒரே ஒரு மங்கலான படத்தை வைத்து அதற்கு மேல் சொல்வது சரியில்லை. பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டி வந்து காட்டுங்கள்.

கேள்வி: பாகற்காய் பிஞ்சிலேயே மஞ்சளாகி, வளைந்து, அழுகி விழுகிறது. பிளந்து பார்த்தால் வெள்ளைப் புழு. மூன்று வாரமாக வேப்பெண்ணெய் அடித்தும் பலனில்லை. பக்கத்துத் தொட்டியில் மிளகாயிலும் இதே கதை. ஒரு ஈயைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் படம் எடுத்திருக்கிறேன். இதுதான் காரணமா?
(உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: இதுதான் ஐயா, பிடித்ததற்கு உங்களைப் பாராட்ட வேண்டும். பழ ஈ. வீட்டு ஈ அளவுதான், ஆனால் உடம்பு தேன் நிறம், இடுப்பு குறுகி ஒரு சின்னக் குளவி போலத் தெரியும், முதுகில் எலுமிச்சை மஞ்சளில் கோடுகள். பெண் ஈயாக இருந்தால் வால் நுனியில் ஊசி போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். மனிதரைக் குத்தாது, காயைக் குத்துவதற்குத்தான்.

முதுகு மஞ்சள் கோட்டை எண்ணுங்கள். உங்கள் படத்தில் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, நடுவிலும் ஒன்று, ஆக மூன்று. இறக்கை நுனியில் புகை படிந்த மாதிரி ஒரு திட்டும் இருக்கிறது. இது பாகல், புடலை, பீர்க்கு, வெள்ளரி என்று கொடிக்காய்களைத் தேடி வருகிற வகை, ஸூகோடேக்கஸ் குக்குர்பிட்டே. முதுகில் ஓரக் கோடுகள் மட்டும், நடுக்கோடு இல்லை, இறக்கை ஏறக்குறைய தெளிவாக இருக்கிறது, வயிற்றில் ஆங்கில 'T' எழுத்து போலக் கறுப்பு அடையாளம் என்றால் அது கொய்யா, மாம்பழம், விளிம்பிப் பழம் என்று போகிற பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் இனங்கள் நிறைய, நிபுணர்களே கஷ்டப்படுவார்கள். மிளகாய், கத்தரிக்கு என்று பாக்ட்ரோசெரா லாட்டிஃப்ரான்ஸ் இருக்கிறது. உங்கள் மிளகாயில் இருப்பது அதுவாக இருக்கலாம், விழுந்த மிளகாயை ஒரு டப்பாவில் மணல் போட்டு வைத்து மேலே துணி கட்டுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் ஈ வெளியே வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். நிச்சயமாகத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

வேப்பெண்ணெய் ஏன் உதவவில்லை என்பது இப்போது புரியும். தாய் ஈ தோலைத் துளைத்து முட்டையைக் காய்க்கு உள்ளே வைத்துவிட்டுப் போய்விடுகிறது. ஒன்றிரண்டு நாளில் பொரித்த புழு வளரும் வரை சதைக்குள்ளேயே இருக்கிறது, முற்றியதும் குதித்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகிறது. நீங்கள் அடிப்பது காயின் வெளியே, அது இருப்பது உள்ளேயும் மண்ணிலும். ஆகவே இரண்டு வேலை செய்யுங்கள். பூ உதிர்ந்து பிஞ்சு விரல் நீளம் வந்ததுமே காகித உறையோ மெல்லிய வலைப் பையோ போட்டுக் காம்பில் கட்டிவிடுங்கள், ஒரு வாரம் கழித்துக் கட்டினால் பிரயோஜனம் இல்லை, அதற்குள் குத்தியிருக்கும். இரண்டாவது, விழுந்த காயை அன்றன்றே பொறுக்கி, தடித்த பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் சில நாள் வையுங்கள், பிறகு குப்பையில் போடுங்கள். உரத்தொட்டியில் மட்டும் போடாதீர்கள். பந்தலுக்குப் பந்தல் எல்லாரும் இதைச் செய்தால்தான் தோட்டத்தில் குறையும், ஒருவர் மட்டும் செய்து பக்கத்துக்காரர் அழுகவிட்டால் அங்கிருந்து வந்துகொண்டே இருக்கும்.

கடையில் தொங்கவிடும் பொறி விற்கிறார்களே என்று கேட்பீர்கள். அதில் வருவது ஆண் ஈக்கள். பொறிக்குள் வைக்கிற, அவற்றை இழுக்கும் வாசனைப் பொருள் கொடிக்காய் வகைக்குக் க்யூலூர், மாம்பழ வகைக்கு மெத்தில் யூஜெனால், மாற்றி வைத்தால் ஒன்றும் விழாது. 1912லேயே இந்தியாவில் ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர் சிட்ரோனெல்லா எண்ணெய்க்கு இந்த ஆண் ஈக்கள் கூட்டமாக வருவதைப் பார்த்து எழுதினார். பிறகு அந்தத் தேடல் போய் நின்ற இடம்தான் மெத்தில் யூஜெனால். துளசி இலையில் மொய்ப்பதும் அந்த வாசனைக்குத்தான். பொறி வைத்தால் தோட்டத்தில் எவ்வளவு ஈ இருக்கிறது என்று தெரியும், கொஞ்சம் குறையவும் செய்யும், ஆனால் முட்டை வைக்கிற பெண் ஈக்குப் பையைக் கட்டுவதுதான் பதில்.

கேள்வி: உரத்தொட்டி மூடியைத் திறந்தால் நீளமான கறுப்புக் குளவி ஒன்று வெளியே வருகிறது. உள்ளே தடித்த புழுக்கள் நூற்றுக்கணக்கில். அருவருப்பாக இருக்கிறது, எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா?
(ஜூரோங் வெஸ்ட் வாசகி)

பதில்: கொட்டிவிடாதீர்கள்! அது பிளாக் சோல்ஜர் ஃப்ளை, ஹெர்மீஷியா இல்லுசென்ஸ். கறுப்பு உடம்பு, நீண்ட உணர்கொம்பு, காலின் கீழ்ப்பாதி வெள்ளை, இடுப்புப் பக்கம் வெளிச்சம் ஊடுருவுகிற இரண்டு கண்ணாடிச் சன்னல்கள். அந்தச் சன்னல்தான் அதைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது இடை சிறுத்த குளவி மாதிரி காட்டுகிறது. கடிக்காது, கொட்டாது, வீட்டு ஈ போலச் சாப்பாட்டுத் தட்டைத் தேடியும் வராது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகமெல்லாம் பரவியது. சிங்கப்பூரிலேயே உணவுக் கழிவைத் தின்ன வைக்க இதை வளர்க்கிறார்கள். புழுக்கள் காய்கறித் தோலை உங்கள் மண்புழுவைவிட வேகமாக முடித்துவிடும், பழுத்ததும் கறுத்துப்போய்த் தாமாகவே தொட்டியை விட்டு ஏறி வெளியே வரும்.

நாற்றம் வந்தால் மட்டும் ஈரம் அதிகம் என்று அர்த்தம், காய்ந்த இலையைப் போட்டுக் கிளறுங்கள். அண்டை வீட்டார் முகம் சுளித்தால் அந்தச் சன்னலைக் காட்டி விளக்குங்கள், என் அனுபவத்தில் பெரும்பாலானவர்கள் ஆர்வமாகக் கேட்கிறார்கள்.

கேள்வி: காரிடாரில் கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் கொசு மாதிரிக் கறுப்பாகக் கிளம்புகிறது. டெங்கி பயம்.
(தோ பாயோ வாசகர்)

பதில்: மண்ணிலிருந்து கிளம்பி, தரையை ஒட்டித் தள்ளாடிப் பறந்து, மறுபடி மண்ணிலேயே உட்கார்ந்தால் அது பூஞ்சை ஈ, ஃபங்கஸ் நாட். கடிக்காது. ஏடிஸ் கொசு கறுப்பில் வெள்ளை வரி போட்டது, கால்களிலும் வெள்ளை வளையம், உங்கள் காலைத் தேடி வரும். பூஞ்சை ஈயின் புழு ஈர மண்ணில் மக்கியதையும் பூஞ்சையையும் தின்கிறது, நாற்றுகள் என்றால் வேரையும் கடிக்கும். மேல் மண் ஓரிரு அங்குலம் காயும் வரை தண்ணீரை நிறுத்துங்கள், மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்று செருகி வையுங்கள், குறைந்துவிடும். கறிவேப்பிலைக்கும் காலில் தண்ணீர் நிற்பது பிடிக்காது. தொட்டிக்கு அடியில் வைத்திருக்கும் தட்டைப் பாருங்கள், அதில் தண்ணீர் நின்றால் உங்கள் டெங்கி பயம் நியாயமானது.

கேள்வி: எங்கள் வீட்டு மாமரம் பூத்திருக்கிறது. பூவெல்லாம் சிவப்புக் கண் வைத்த பெரிய பச்சை ஈக்கள், ஈரச்சந்தையில் மீன் கடைப் பக்கம் பார்ப்போமே, அதே ஈ. மரத்தைச் சுற்றிப் புகை போடலாமா?
(சிராங்கூன் வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா, மாங்காய் பிடிக்காமல் போய்விடும். மாம்பூவில் மகரந்தச் சேர்க்கை செய்வதில் ஈக்களுக்குப் பெரிய பங்கு உண்டு, தேனீக்கள் மாம்பூவை அவ்வளவாக விரும்புவதில்லை. நீங்கள் சொல்வது கிரைசோமியா மெகாசெஃபலா, தலை பெரிது, கண் செங்கல் சிவப்பு, உடம்பு பச்சையும் நீலமும் கலந்த பளபளப்பு. தைவானில் மா வளர்ப்பவர்கள் இந்த ஊதா பச்சை ஈக்களை வளர்த்தே தோப்புக்குள் விடுகிறார்கள். ஆனால் அழுக்கிலும் உட்கார்ந்து வருகிற ஈ என்பதும் உண்மை, ஆகவே பூக்கும் வாரங்களில் வெளியே சாப்பாட்டைத் திறந்து வைக்காதீர்கள்.

சாம்பல் நிறத்தில், முதுகில் மூன்று கறுப்புக் கோடும் வயிற்றில் சதுரங்கப் பலகை மாதிரிக் கட்டமும் இருந்தால் அது வேறு, சதை ஈ. அது முட்டைக்குப் பதில் உயிருள்ள புழுவையே போடும். வீட்டு ஈயின் முதுகில் கோடு நான்கு. மூன்றா நான்கா என்று எண்ணிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் பாதி ஈக்களை நீங்களே பிரித்துவிடுவீர்கள்.

கேள்வி: அக்கா, நான் தொடக்கநிலை 5 படிக்கிறேன். பள்ளித் தோட்டத்தில் பாண்டான் இலை மேல் தங்கப் பச்சையில் ஒரு குட்டி ஈ ஓடி ஓடி நிற்கிறது. கால் ரொம்ப நீளம். அதன் பெயர் என்ன? அது என்ன செய்கிறது?
(பொங்கோல் மாணவர்)

பதில்: தம்பி, இந்த மாதம் வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உன்னுடையது, ஏனென்றால் நீ ஒருவன்தான் அது என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறாய். அது நீள்கால் ஈ, டோலிகோபோடிடே குடும்பம். வேட்டைக்காரன். இலையின் மேல் ஓடி, தன்னைவிடச் சின்ன, மென்மையான பூச்சிகளைப் பிடித்து உறிஞ்சும். பக்கத்தில் உன் விரலை மெதுவாகக் கொண்டுபோனால் உடனே பறந்துவிடும், அரை நிமிடத்தில் பெரும்பாலும் அதே இலைக்குத் திரும்பி வரும், காத்திருந்து பார். அந்தத் தங்க நிறம் சாயம் இல்லை, உடம்பின் மேல் பூச்சு அடுக்கு அடுக்காக இருப்பதால் வெளிச்சம் அப்படித் தெறிக்கிறது, சோப்புக் குமிழியில் வானவில் தெரிவது போல.

இனத்தின் பெயர்? அதைச் சொல்ல நுண்ணோக்கியில் காலின் முடிகளையும் இறக்கை நரம்பையும் பார்க்க வேண்டும். நம் சிங்கப்பூரின் சதுப்புநிலக் காடுகளில் மட்டும் பொறி வைத்து ஆராய்ந்து 3,000க்கும் மேற்பட்ட பூச்சி இனங்களைக் கண்டார்கள், 2021ல் அந்த ஆய்வு வெளிவந்தது. அவற்றில் நிறைய இந்த மாதிரிக் குட்டி ஈக்கள், பலவற்றுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை. நீ பெரியவனாகி வைக்கலாம். அதுவரை ஒரு நோட்டில் தேதி, நேரம், எந்தச் செடி, வெயிலா நிழலா, என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதி வை. விடுமுறையில் அப்பா அம்மாவிடம் சொல்லி கென்ட் ரிட்ஜில் உள்ள லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குப் போய் வா.

கேள்வி: அறுபது படம் அனுப்பியிருந்தேன், இரண்டுக்குத்தான் பெயர் சொன்னீர்கள். மற்றவை?
(அங் மோ கியோ வாசகர்)

பதில்: ஐயா, நீங்கள் அவ்வளவு சிரத்தையாக எடுத்தும் பதில் தர முடியாமல் போனது எனக்கும் வருத்தம்தான். படங்கள் எல்லாம் மேலிருந்து, நேராக, முதுகு மட்டும் தெரிகிற மாதிரி இருக்கின்றன. ஒரே ஈயை மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று, இறக்கை விரிந்திருக்கும்போது ஒன்று என்று நான்கு கிடைத்தால் குடும்பம் வரைக்கும் நிச்சயமாகப் போகலாம். இறக்கையின் நரம்பு ஓட்டம்தான் ஈக்கு ரேகை மாதிரி. முன்னே சொன்ன சிர்ஃபிட் ஈக்கு இறக்கை நடுவில் எதோடும் சேராத ஒரு பொய் நரம்பு ஓடும், அதைப் பார்த்துவிட்டால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு கண்ணும் நெற்றியில் ஒட்டியிருக்கிறதா, நடுவே இடைவெளி இருக்கிறதா என்பதும் முக்கியம், பல வகைகளில் ஒட்டியிருந்தால் ஆண்.

காலை ஏழரை மணிக்குப் போங்கள், வெயில் ஏறாத நேரத்தில் ஈக்கள் மந்தமாக இருக்கும். கைத்தொலைபேசியில் மாட்டுகிற சின்ன மேக்ரோ லென்ஸ் போதும். பறந்துகொண்டே இருந்தால் குப்பியில் பிடித்து குளிர்ப்பெட்டியில், உறைபெட்டியில் இல்லை, சில நிமிடம் வைத்து எடுங்கள், அசையாமல் நிற்கும், படம் எடுத்ததும் வெயிலில் விட்டால் தானாகப் பறந்துவிடும். அளவுக்குப் பக்கத்தில் ஒரு 20 காசு நாணயம் வையுங்கள். எந்தச் செடியில் உட்கார்ந்திருந்தது என்று எழுதுவது பல சமயம் படத்தைவிட உதவும். அப்படியும் சில ஈக்களுக்கு, படத்தை வைத்துக்கொண்டு யாராலும் இனப்பெயர் சொல்ல முடியாது, பூஞ்சை ஈ, சதை ஈ எல்லாம் அப்படித்தான். செயலி ஒன்று உடனே ஒரு லத்தீன் பெயரைக் காட்டினாலும் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கேள்வி: பிடோக் நீர்த்தேக்கம் பக்கம் எங்கள் வீடு. சாயங்காலம் விளக்கைச் சுற்றிக் கொசுப் படை. கடிக்கவில்லை, ஆனால் சுவரெல்லாம் பச்சை.
(பிடோக் வாசகி)

பதில்: கிரோனோமிட் பூச்சிகள், ஆங்கிலத்தில் மிட்ஜ். கொசுவைப் போலவே இருக்கும், குத்தும் வாய் இல்லை. புழுப் பருவம் நீர்த்தேக்கத்தின் அடிச் சேற்றில், வெளியே வந்தபின் சில நாள்தான் வாழ்வு. சூரியன் மறைவதற்கு முன் சன்னலைச் சாத்தி, வெளிவிளக்கை அணைத்து வையுங்கள், அவ்வளவுதான் செய்ய முடியும்.

கேள்வி: ஒரு அங்குலத்துக்கும் மேல் நீளமாக, நீலமாக மின்னுகிற கொசு! மூங்கில் தொட்டிப் பக்கம் பார்த்தேன். கடித்தால் என்ன ஆகும்?
(புக்கிட் பாத்தோக் வாசகர்)

பதில்: கடிக்கவே கடிக்காது தம்பி. காலையும் சேர்த்து அளந்திருப்பீர்கள், ஆனாலும் பெரிய கொசுதான். டாக்ஸோரிங்கைட்டிஸ், யானைக் கொசு என்பார்கள். அதன் உறிஞ்சுகுழல் கீழ்நோக்கிக் கொக்கி போல வளைந்திருக்கும், அதை வைத்துத் தோலைத் துளைக்க முடியாது, பூவில் தேன் குடித்துத்தான் பிழைக்கிறது. அதன் புழு தண்ணீரில் இருக்கும்போது மற்றக் கொசுப்புழுக்களைத் தின்று வளர்கிறது, ஏடிஸ் புழுவையும் சேர்த்து. அதற்காக மூங்கில் குழாயில் தண்ணீரை விட்டுவைக்க வேண்டாம், அதில் ஏடிஸும் முட்டை வைக்கும், அபராதமும் உங்களுக்குத்தான்.

கேள்வி: மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். அங்கே இப்போதுதான் குளிர் முடிந்து தோட்டம் பூக்கிறது. பஞ்சு உருண்டை மாதிரி ரோமம் வைத்த ஒரு பூச்சி, முன்னால் நீண்ட ஊசியோடு, பூவுக்கு முன் நின்றுகொண்டே குடிக்கிறதாம். பேரனைக் கொட்டிவிடுமோ என்று பயப்படுகிறாள். நம் ஊர் ஈ உங்களுக்குத் தெரியும், அந்த ஊருடையது தெரியுமா?
(ஈசூன் வாசகி)

பதில்: இந்த ஒன்று தெரியும் அம்மா, ஏனென்றால் அதைப்போல அந்தப் பருவத்தில் அங்கே வேறு அதிகம் இல்லை. பாம்பிலியஸ் மேஜர், பீ ஃப்ளை. மார்ச்சிலிருந்து மே வரைதான் பறக்கும், அங்கே வசந்தம் வந்துவிட்டது என்று அதைப் பார்த்துச் சொல்கிறார்கள். இறக்கையின் முன்பாதி கரும்பழுப்பு, பின்பாதி கண்ணாடி மாதிரி, நடுவே எல்லை வளைந்து வளைந்து போகும், மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஊசி கொடுக்கு இல்லை, நாக்கு. மடக்கவும் முடியாது, குத்தவும் முடியாது, பூவின் ஆழத்தில் இருக்கும் தேனுக்கு மட்டும். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

அதே தோட்டத்தில் ஏப்ரல் கடைசியில் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு மெதுவாக மிதக்கும் கறுப்பு ஈக்களும் வரும், பயப்பட வேண்டாம், அதுவும் கடிக்காது. ஏப்ரல் 25 புனித மாற்கு திருநாள், அதையொட்டி வருவதால் செயின்ட் மார்க்ஸ் ஃப்ளை என்று பெயர். ஆணுக்குத் தலை முழுக்கக் கண், பெண்ணுக்குக் கண் சின்னது, ஒன்றாகப் பார்த்தால் இரண்டு வேறு இனம் என்றே தோன்றும்.

பஞ்சு ஈக்குத் திரும்ப வருகிறேன். அதன் பிள்ளைகள் வளர்வது மண்ணில் வளை தோண்டி வாழும் தனித் தேனீக்களின் கூட்டில். தாய் ஈ வயிற்று நுனியால் மண்ணைத் தொட்டுத் தூசியை எடுத்துக்கொள்ளும், முட்டை அதில் புரண்டு ஒட்டாமலும் கனமாகவும் ஆகும், பிறகு வளை வாசலுக்கு மேல் அந்தரத்தில் நின்று முட்டையை உள்ளே சுண்டி எறியும். பொரித்த புழு உள்ளே போய்த் தேனீயின் புழுவைத் தின்று வளரும். ஆகவே அந்த ஈ தாழ்வாக நின்று வயிற்றைச் சொடுக்குகிற இடத்தில், வெயில் படும் வெறும் மண்ணில், பென்சில் நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பேரனைத் தேடச் சொல்லுங்கள். இருந்தால் படம் எடுத்து அனுப்பட்டும், அடுத்த மாதம் போடுகிறேன்.